இல்லாதவர்களின் பட்டியல்

2021 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி. மற்ற ஆண்டுகளில் அந்த நேரத்தில் சிங்கப்பூரின் தேக்காவில் தோள் உரசாமல் நடக்க முடியாது. அந்த ஆண்டு விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் வெளியே வர அனுமதி இல்லாததால் சிராங்கூன் சாலை வெறிச்சென்று கிடந்தது. உணவகங்களில் தொலைக்காட்சித் திரைகள் அணைந்திருந்தன. பத்தரை மணிக்கு மேல் மது விற்பனையும் கிடையாது. ஆகவே லிவர்பூலும் ஃபுல்ஹமும் மோதிய ஆட்டத்தை நாங்கள் நான்கு பேர் ஃபேரர் பார்க் பக்கம் என் சித்தப்பாவின் வீவக அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம்.

ஆட்டக்காரர் பட்டியல் திரையில் வந்ததும் சித்தப்பா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். களமிறங்கும் பதினொருவரை விட்டுவிட்டு, வராதவர்களை எண்ணினார். வான் டைக் இல்லை. கோமெஸ் இல்லை. மாட்டிப் இல்லை. ஹெண்டர்சன் இல்லை. நடுத் தற்காப்பில் நாட் பிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ் என்று இரண்டு இளைஞர்கள். லிவர்பூல் 0-1 என்று தோற்றது. சொந்தத் திடலில் தொடர்ச்சியாக ஆறாவது லீக் தோல்வி. அந்தக் குழுவின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. சித்தப்பா கோபப்படவில்லை. “பாவம்பா அந்த மனுசன். யாரை வச்சு ஆடுவாரு?” என்றார்.

2017 ஜூனிலும் அதே வீட்டில், அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் சிங்கப்பூர் சொந்த மண்ணில் தைவானிடம் 1-2 என்று தோற்ற இரவு அது. தேசியக் குழுவின் பயிற்றுவிப்பாளர் வி. சுந்தரமூர்த்தி. ஆட்டம் முடிந்த மறுநொடி சித்தப்பா சொன்னது: “இவரை முதல்ல அனுப்பணும்.” நானும் ஆமாம் என்றேன். அன்று யார் யார் காயத்தால் ஆடவில்லை என்று நாங்கள் இருவரும் கேட்கவே இல்லை. 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு குழுவின் முழங்கால்களையும் தொடைத் தசைகளையும் பெயர் சொல்லி அறிந்த எங்களுக்கு, இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் ஜாலான் புசாரில் பயிற்சி செய்யும் குழுவில் யாருக்கு என்ன வலி என்று தெரியாது.

காயங்களால் சரிந்து தொடர்ந்து தோற்கும் குழுவின் பயிற்றுவிப்பாளரிடம் ரசிகர்கள் எவ்வளவு பொறுமை காட்ட வேண்டும் என்ற கேள்வி காற்பந்து உலகெங்கும் ஒவ்வொரு டிசம்பரிலும் எழுவது. அதற்கு இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் சுவீடனிலும் கிடைத்த பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, அவற்றை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்க விரும்புகிறேன்.

லிவர்பூலின் அந்தப் பருவத்திலிருந்தே தொடங்கலாம். 2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில், கோல்காப்பாளர் பிக்ஃபோர்ட் மோதியதில் வான் டைக்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த மாதம் இங்கிலாந்துக் குழுவின் பயிற்சியில் கோமெஸ் விழுந்தார். ஜனவரி இறுதியில் மாட்டிப்பும் போனார். நடுத் தற்காப்புக்கு ஆளில்லாமல் மத்தியத் திடலிலிருந்து ஃபபினியோவையும் ஹெண்டர்சனையும் பின்னுக்கு இழுத்தார் பயிற்றுவிப்பாளர் க்ளோப். அதனால் மத்தியத் திடலும் இளைத்தது. ஓர் ஓட்டையை அடைக்க இன்னொரு சுவரிலிருந்து கல் எடுத்த கதை. கிறிஸ்துமஸின்போது பட்டியலில் முதலிடத்தில் இருந்த குழு, ஜனவரி 21 அன்று பர்ன்லியிடம் தோற்றது. 2017 ஏப்ரலிலிருந்து சொந்தத் திடலில் 68 லீக் ஆட்டங்கள் தோற்காமல் வந்த சாதனை அன்று முடிந்தது. பிறகு பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹம். இதற்கிடையே ஜனவரியில் க்ளோப்பின் தாய் இறந்தார். கொவிட் கட்டுப்பாடுகளால் அவரால் இறுதிச் சடங்குக்கும் போக முடியவில்லை.

லிவர்பூல் ரசிகர்கள் அந்த பிப்ரவரியில் ஆன்ஃபீல்டு அரங்குக்கு வெளியே க்ளோப்பின் பெயரை எழுதி ஆதரவுப் பதாகை கட்டினார்கள். உள்ளே நுழைய முடியாதவர்கள் வெளிக்கம்பியில் தங்கள் பொறுமையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மே 16 அன்று வெஸ்ட் பிரோம்விச்சுக்கு எதிராக 95ஆம் நிமிடத்தில் கோல்காப்பாளர் அலிசன் தலையால் முட்டி கோல் போட்டார். பிலிப்சும் வில்லியம்சும் தற்காப்பில் நின்ற அதே குழு 69 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தில் பருவத்தை முடித்தது.

இதைப் பொறுமையின் வெற்றி என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பொறுமை எதில் ஊன்றி நின்றது என்பதைப் பார்க்க வேண்டும். க்ளோப் 2019இல் சாம்பியன்ஸ் லீக்கையும், 2020இல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டத்தையும் கொண்டுவந்தவர். அவர் பெயரில் நிறைய இருப்பு இருந்தது. இன்னொன்று, என் கணக்கில் அதைவிடப் பெரியது: இல்லாதவர்கள் எல்லாருடைய கண்ணிலும் பட்டார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு செய்தியாளர் கூட்டம், அதில் முதல் கேள்வியே காயம் பற்றியது. வான் டைக் ஊன்றுகோலுடன் நடப்பதை உலகம் பார்த்தது. ஆகவே தோல்வியைப் பார்த்த ரசிகனுக்கு அதன் காரணமும் கூடவே தெரிந்தது.

காயம் தோல்விக்கு உண்மையிலேயே காரணமா? சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் ஒரு குழு 2001 முதல் ஐரோப்பாவின் முன்னணிக் குழுக்களின் காயங்களைப் பதிவு செய்து வருகிறது. அவர்கள் கணக்கின்படி, 25 ஆட்டக்காரர்கள் உள்ள குழு ஒன்று ஒரு பருவத்தில் ஏறத்தாழ 50 காயங்களை எதிர்பார்க்கலாம். 24 குழுக்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், காயச்சுமை குறைவாகவும் ஆட வரக்கூடியவர்கள் அதிகமாகவும் இருந்த பருவங்களில் குழுக்கள் லீக் பட்டியலில் மேலே நின்றது தெரிந்தது. தொடைப் பின்தசைக் காயங்களின் பங்கு 2001-02 பருவத்தில் 12 விழுக்காடாக இருந்து, இருபது ஆண்டுகளில் 24 விழுக்காடாக ஏறிவிட்டது. வேகம் கூடிவிட்டது. ஆட்டங்களும் கூடிவிட்டன. மனிதத் தசை மட்டும் பழையதுதான். எனவே காயத்தைச் சுட்டிக்காட்டும் பயிற்றுவிப்பாளர் கதை கட்டவில்லை.

ஆளை மாற்றினால் தோல்வி நிற்குமா? நெதர்லாந்துப் பொருளியல் ஆய்வாளர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான அந்நாட்டு முதல்நிலை லீக்கின் ஆட்டங்களை ஆராய்ந்தார். பயிற்றுவிப்பாளரை நீக்கிய குழுக்கள் பிறகு சற்று மீண்டன. அதே அளவு சரிந்தும் நீக்காமல் இருந்த குழுக்களும் அதேபோல் மீண்டன. அதாவது மீட்சி நீக்கத்தால் வந்ததல்ல. காய்ச்சல் தானாக இறங்கும் நாளில் யார் மருந்து கொடுத்தாரோ அவருக்குப் பெயர் கிடைப்பது போன்ற சங்கதி இது. காயமுற்றவர்கள் திரும்பி வரும் மாதத்தில் பதவி ஏற்கும் புதியவருக்கு அந்தப் பெயர் இரட்டிப்பாகக் கிடைக்கும். பழையவர் அவர்கள் இல்லாமல் தோற்ற மாதங்கள் மறந்துபோகும்.

இதோடு நிறுத்தினால் எல்லாப் பயிற்றுவிப்பாளரையும் எல்லாக் காலமும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிடும். அது சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காயம் சில நேரம் அந்தக் கோணல் கூடமாகவும் ஆகும். எக்ஸ்ட்ராண்ட் குழுவின் இன்னோர் ஆய்வு, தலைமைப் பயிற்றுவிப்பாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் இடையே பேச்சுவார்த்தை சரியாக இல்லாத குழுக்களில் காயச்சுமை அதிகம் என்று கண்டது. அப்படியானால் காயம் எப்போதும் வானத்திலிருந்து விழும் இடியல்ல. பயிற்சியை எவ்வளவு கடுமையாக்குவது, யாருக்கு எப்போது ஓய்வு, மருத்துவர் வேண்டாம் என்றவரை களமிறக்கலாமா என்பதிலெல்லாம் அந்த மனிதரின் கையெழுத்து இருக்கிறது.

டாட்டன்ஹம்மின் 2024-25 பருவத்தை எடுத்துக்கொள்வோம். ஆஞ்சி போஸ்டெகோக்லு தற்காப்பு வரிசையை உயரத்தில் நிறுத்தி, இடைவிடாமல் ஓடச் செய்யும் ஆட்டத்தை ஆடவைத்தவர். ரொமேரோ, வான் டி வென், கோல்காப்பாளர் விக்காரியோ என்று பின்வரிசை முழுவதுமே ஒரே காலத்தில் படுத்தது. அந்த ஆட்டமுறையே தசைகளைக் கிழித்தது என்று ஒரு சாராரும், யார் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று இன்னொரு சாராரும் ரேஸ் கோர்ஸ் சாலைச் சாப்பாட்டுக் கடைகளில்கூட வாதிட்டார்கள். குழு 38 லீக் ஆட்டங்களில் 22இல் தோற்று 17ஆம் இடத்தில் முடிந்தது. ஆனால் மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கிண்ணத்தை எடுத்தது. 17 ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்த முதல் கிண்ணம். பதினாறு நாள் கழித்து ஜூன் 6 அன்று போஸ்டெகோக்லு நீக்கப்பட்டார். அந்த ரசிகர்களின் நடத்தையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: பிப்ரவரியில் அவர்கள் ஊர்வலம் போனபோது கோபம் பெரும்பாலும் நிர்வாகத் தலைவர் டேனியல் லெவியை நோக்கியே இருந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் ஏன் போதவில்லை என்ற கேள்வியை, அவர்களை வாங்க வேண்டிய ஆளிடம் கேட்டார்கள்.

யுனைடெட்டின் எரிக் டென் ஹாக் வேறு வகை. 2023-24இல் லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ், லூக் ஷா என்று தற்காப்பில் ஆளே இல்லாமல், மே 6 அன்று கிரிஸ்டல் பேலசிடம் 0-4 என்று தோற்ற ஆட்டத்தில் மத்தியத் திடல்காரரான கசெமிரோவை நடுத் தற்காப்பில் நிறுத்தினார். லீக்கில் எட்டாம் இடம். அதே மாதம் 25ஆம் தேதி எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் சிட்டியை 2-1 என்று வென்றதால் பதவி தப்பியது, ஒப்பந்தமும் நீண்டது. அக்டோபர் 28இல் நீக்கப்பட்டார். அவருக்குக் காட்டப்பட்டது பொறுமை என்று நான் நினைக்கவில்லை. ஒரு கிண்ணத்தின் பளபளப்பில் முடிவு ஐந்து மாதம் தள்ளிப்போனது, அவ்வளவே.

அதே யுனைடெட்டின் ஃபெர்குசன் கதையை இங்கே யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். 1989 செப்டம்பரில் சிட்டியிடம் 1-5, அதே மாதம் நீல் வெப்புக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது, அரங்கில் ஃபெர்குசனைப் போகச் சொல்லும் பதாகை. 1990 ஜனவரி 7 அன்று நாட்டிங்ஹமில் மார்க் ராபின்ஸ் போட்ட ஒரே கோல் அவரைக் காப்பாற்றியது என்பார்கள். மே மாதம் எஃப்ஏ கிண்ணம். பிறகு நடந்தது ஊரறிந்தது. ஆனால் இந்தக் கதையைச் சான்றாக வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. காத்திருந்து பயன்பெற்ற குழுக்களின் கதை மட்டுமே நம் காதுக்கு வருகிறது. காத்திருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியவர்களைப் பற்றி யாரும் நூல் எழுதுவதில்லை.

இனி நம் ஊர்.

சிங்கப்பூர் ரசிகர்கள் பொறுமையற்றவர்கள் என்று சொல்வது எளிது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. என். கணேசன் காற்பந்துச் சங்கத்தின் பொறுப்பில் இருந்த எழுபதுகளில், 1973இல் திறந்த காலாங் தேசிய விளையாட்டரங்கம் 50,000 பேரால் நிறைந்தது. மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 1975இலும் 1976இலும் சிலாங்கூரிடம் தோற்றோம். கூட்டம் குறையவில்லை. 1977 மே 28 அன்று கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று வென்றோம். சமத் அல்லாபிச்சையும் எஸ். ராஜகோபாலும் ஆடிய குழு அது. குவா கிம் சொங் இரண்டு கோல் போட்டார். ‘அங்கிள்’ சூ செங் குவீயை மீண்டும் பயிற்றுவிப்பாளராகக் கொண்டுவந்த பிறகே அந்த வெற்றி கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆளை மாற்றுவது எப்போதும் தவறல்ல. அந்த மனிதர் பிறகு நீரிழிவால் ஒரு காலை இழந்து 1983இல் இறந்தார்.

தொண்ணூறுகளிலும் அப்படித்தான். 1992இல் மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய சிங்கப்பூர்க் குழுவை 1993இல் பார்க்கப் போனவர்கள் குறையவில்லை, கூடினார்கள். என் சித்தப்பா அந்த ஆண்டு ஒரு வீட்டு ஆட்டத்தைக்கூட விடவில்லை என்பார். புருணைக்கு எதிராகச் சுந்தரம் அந்தரத்தில் மல்லாந்து உதைத்த கோலை அவர் இன்றைக்கும் நாற்காலியிலிருந்து எழுந்து நடித்துக் காட்டுவார். ‘டேஸ்லர்’ என்று ஊரே செல்லமாக அழைத்த அதே சுந்தரமூர்த்தி. மறு ஆண்டு டக்ளஸ் மூர் அவரைக் குழுவில் சேர்க்கவில்லை. அவர் இல்லாமலேயே 1994இல் ஷா ஆலாமில் பஹாங்கை 4-0 என்று வென்று லீக், கிண்ணம் இரண்டையும் எடுத்தோம். ஒரு பயிற்றுவிப்பாளரின் முடிவு ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய வெற்றிடத்தை உண்டாக்கும் என்று சுந்தரம் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

பொறுமைக்கு நம்மிடமே உள்ள ஆகச் சிறந்த சான்று ரட்கோ அவ்ராமோவிச். 2003இல் வந்தார். 2004-05, 2007 என இரண்டு முறை தென்கிழக்காசியக் கிண்ணம் வென்றார். 2010இல் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். 2011-12 உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் ஈராக், ஜோர்தான், சீனா ஆகியவற்றுடன் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்றோம். போட்ட கோல் 2, வாங்கியது 20. கடைசி ஆட்டத்தில் ஈராக்கிடம் 1-7. அது 2012 பிப்ரவரி 29. அன்றிரவு அவரை அனுப்பியிருந்தால் எதிர்த்துப் பேச யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சங்கம் அனுப்பவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று தாய்லாந்தை இரு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 3-2 என்று வென்று சிங்கப்பூர் நான்காவது முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. பத்து மாத இடைவெளி. ஈராக்கிடம் ஏழு வாங்கியபோது முட்டாளாகத் தெரிந்தவர் மனிதர் மாறாமலே மேதையானார்.

சுந்தரத்துக்கு அந்தப் பத்து மாதம் கிடைத்தது, கிடைத்தும் கைகூடவில்லை. 2013இல் சிங்கப்பூரின் லயன்ஸ் ட்வெல்வ் குழுவுடன் மலேசிய சூப்பர் லீக்கை வென்ற கையோடு பெயர் பெற்றவர், 2016 மே மாதம் தேசியக் குழுவை ஏற்றார். அந்த ஆண்டின் இறுதியில் நடந்த தென்கிழக்காசியக் கிண்ணத்தில் பிலிப்பீன்சுடன் 0-0, தாய்லாந்திடம் 0-1, இந்தோனீசியாவிடம் 1-2. மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல். 2017 முழுவதும் ஒரு வெற்றிகூட இல்லை. அர்ஜென்டினாவிடம் 0-6 பெரிய வெட்கமில்லை, அது காட்சி ஆட்டம். துர்க்மெனிஸ்தானிடமும் பஹ்ரேனிடமும் தைவானிடமும் நடந்தவைதான் வலித்தன. உலகத் தரவரிசையில் 170க்கும் கீழே போனோம். 2018 ஏப்ரலில் அவர் விலகினார்.

அந்த மாதங்களில் தேக்காவில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பக்கம், தமிழர் என்பதால் விட்டுக்கொடுக்காத பெரியவர்கள். “நம்ம ஆளு, விடுப்பா.” மறுபக்கம், தமிழர் என்பதாலேயே கூடுதலாகக் கூனிக் குறுகிய இளையர்கள். அவர் தோற்றால் நாமும் சேர்ந்து தோற்பதாக அவர்களுக்குப் பட்டது. இரண்டுமே பொறுமை அல்ல, பொறுமையின்மையும் அல்ல. இரண்டிலும் ஆட்டத்தைப் பற்றிய கணக்கே இல்லை. அவருடைய குழு பின்வாங்கி ஆடியது, கோலுக்கு வழி தேடவில்லை என்ற குறை நியாயமானது. அதை நான் இன்றும் வைப்பேன். ஆனால் அந்தக் குறையை வைக்குமுன், அவரிடம் யார் இருந்தார்கள், யார் இல்லை என்ற கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டிருந்தோம். கேட்கவில்லை. அவரை மதிப்பிட்ட விதம் தவறு என்று நான் நினைப்பது அதனால்தான். வந்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம்.

சிறிய நாட்டில் காயம் வேறு கணக்கில் ஓடும். எட்டு ஒன்பது குழுக்கள் உள்ள உள்ளூர் லீக். அதிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை விலக்கினால் தேர்ந்தெடுக்க மிஞ்சுபவர்கள் சில டஜன் பேர். ஓடியாடி வளர வேண்டிய வயதில் தேசிய சேவையில் இரண்டு ஆண்டு. லிவர்பூல் மூன்று நடுத் தற்காப்புக்காரர்களை இழந்தபோது பிப்ரவரி தொடக்கத்தில் கபாக்கையும் பென் டேவிசையும் வெளியிலிருந்து கொண்டுவந்தது. தேசியக் குழு யாரையும் வாங்க முடியாது. இன்றைய சிங்கப்பூர்க் குழுவில் ஃபாண்டி அகமதின் மகன்கள் இர்ஃபான், இக்சான், இல்ஹான் சுமக்கும் பாரத்தைப் பாருங்கள். ஒரே வீட்டின் முழங்கால்களில் ஒரு நாட்டின் தாக்குதலும் தற்காப்பும் நிற்கின்றன. அவற்றில் ஒன்று மடங்கினால் பயிற்றுவிப்பாளரின் திட்டத்தில் பாதி போய்விடும். பெரிய நாட்டுக்கு இது வருத்தமான செய்தியாக முடியும். நமக்கு முடிவையே மாற்றும்.

அப்படியிருந்தும் நமக்கு ஏன் தெரிவதில்லை? பிரிமியர் லீக் ஆட்டங்கள் வார இறுதியில் மாலை, இரவு, நள்ளிரவு என்று வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் கட்டுகிறோம். காயச் செய்தி அந்தச் சரக்கின் ஒரு பகுதியாகவே வீடு தேடி வருகிறது. பந்தயம் கட்டுபவர்களும் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள், வேறு காரணத்துக்காக. உள்ளூர்க் குழுவைப் பற்றி ஆட்டத்துக்கு முந்தைய நாள் நாளேட்டில் ஒரு பத்தி வரும். யாராவது சேர்க்கப்படவில்லை என்றால் காரணம் அரை வரியில் இருக்கும், அல்லது இருக்காது. அதைத் தேடிப் படிக்க வேண்டும். நாங்கள் தேடவில்லை. ஊடகத்தைக் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் ஜாலான் புசார் அரங்கம் என் சித்தப்பா வீட்டிலிருந்து நடக்கும் தூரம். 1929இலேயே அங்கே திறந்த அரங்கம்.

சென்னையில் நடந்ததை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எந்தப் பக்கத்துக்கும் முழுச் சான்று ஆகாது, அதனாலேயே எனக்கு அது முக்கியம். ஜான் கிரிகோரி 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்சியை ஐஎஸ்எல் வாகையராக்கினார். அடுத்த பருவத்தில், மத்தியத் திடலின் அச்சாணியான தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் வெளியே உட்கார்ந்திருக்க, குழு 9 புள்ளிகளோடு கடைசி இடத்துக்குப் போனது. வாகையர் கடைசியில். நிர்வாகம் கிரிகோரியை வைத்துக்கொண்டது, மெரினா அரங்க ரசிகர்களும் பெரும்பாலும் அவரோடு நின்றார்கள். மூன்றாம் பருவத்தில் ஆறு ஆட்டங்களுக்குப் பின், 2019 நவம்பரின் இறுதியில் அவர் விலகினார். வந்த ஓவன் கோயல் அதே ஆட்டக்காரர்களை வைத்து இறுதியாட்டம் வரை கொண்டுபோனார், அதில் ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றார். காயத்துக்காகப் பொறுத்தது சரி. காயம் ஆறிய பிறகும் அதே சரிவு தொடர்ந்தபோது மாற்றியதும் சரி. அளவுகோல் ஒன்று இருக்குமானால் இதுதான் அதற்கு அருகில் வருகிறது: இல்லாதவர்கள் திரும்பி வந்த பிறகு குழு எப்படி ஆடுகிறது?

சுந்தரத்துக்குப் பிறகு ஃபாண்டி, யோஷிடா, நிஷிகாயா, ஒகுரா என்று வந்து போனார்கள், இடையில் நஸ்ரி நாசரும் சில ஆட்டங்களுக்கு நின்றார். அவ்ராமோவிச் ஒருவரே இருந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் இவர்கள் எல்லாரையும் அடக்கிவிடலாம். எல்லாரும் விரட்டப்பட்டவர்கள் அல்லர். யோஷிடா குடும்பத்துக்காகவும், ஒகுரா 2025 ஜூனில் சொந்தக் காரணங்களுக்காகவும் போனார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் வரும்போது பழைய குழு புதிதாகத் தொடங்கியது.

பிறகு கேவின் லீ. தெம்பனிஸ் ரோவர்சில் பயிற்றுவிப்பாளராக இருந்தவர், ஒகுரா போனதும் இடைக்காலப் பொறுப்பில் நின்றவர். அக்டோபர் 9 அன்று இந்தியாவுடன் இங்கே 1-1 என்று முடித்தபோது சித்தப்பாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஐந்து நாள் கழித்து மார்காவோவில் அதே இந்தியாவுக்கு எதிராகச் சொங் உய் யொங்கின் இரண்டு கோலில் 2-1. 2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் காய் டாக் அரங்கில் இடைவேளையின்போது ஒரு கோல் பின்தங்கியிருந்து, ஷவால் அனுவாரும் இல்ஹானும் போட்ட கோல்களால் 2-1. முதல் முறையாகத் தகுதிச்சுற்றில் வென்று ஆசியக் கிண்ணத்துக்குப் போகிறோம். 2027 ஜனவரியில், சவூதி அரேபியாவில்.

அங்கே நாம் தோற்கும் ஆட்டங்கள் இருக்கும். எதிரே வரப்போகிறவை நம்மைவிடப் பல மடங்கு பெரிய குழுக்கள். அதற்குள் யாருக்காவது முழங்கால் போகும், யாருக்காவது தொடை பிடிக்கும்.

ஹாங்காங் ஆட்டத்தன்று சித்தப்பா வீட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போனேன். மேசையில் தே, பொட்டலத்தில் முறுக்கு. லிவர்பூல் ஆட்டங்களுக்கு வைத்திருக்கும் பழைய கணக்கு நோட்டைத் திறந்து வைத்திருந்தார். ஒரு பக்கத்தின் மேலே ‘சிங்கப்பூர்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார், கீழே இன்னும் எதுவும் இல்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டார்: “இன்னைக்கு நம்ம பசங்கள்ல யாரு யாரு இல்லையாம்?”